மூடிய கேள்விக்கு வந்த பதில்

அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் முப்பது வருடம் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பிப் பழகிய கை சும்மா இருக்குமா? ஓய்வு பெற்றதும் தீவகத்தாருக்கான கேள்வி-பதில் தளமொன்றில் மட்டுறுத்துநராகச் சேர்ந்தேன். கரம்பொன்னில் கதிரையில் இருந்தபடி, முன்பே கேட்கப்பட்ட கேள்விகளை மூடுவது என் வேலை. மூடிய கேள்வியின் கீழ் எவரும் எதுவும் எழுத முடியாது. அதில் எனக்கு ஒரு தனிச் சந்தோசம் இருந்ததை ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு ஞாயிறு காலை இறுப்பிட்டியிலிருந்து தர்சினி என்ற பெண் கேட்டிருந்தாள்: “நாளைக்குக் காலமை நெடுந்தீவுக்குப் படகு ஓடுமோ? ஆசிரியர் நியமனம் கிடைச்சிருக்கு. நாளைக்குக் கடமை ஏற்காட்டி ரத்தாம்.”

போன மாதமும் இதை ஒருவர் கேட்டிருந்தார். ‘ஓம், தினமும் ஓடும்’ என்ற அந்தப் பழைய பதிலை இணைத்து, ‘ஏற்கனவே கேட்கப்பட்டது’ என்று மூடிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

மத்தியானம் நெடுந்தீவுப் படகோட்டி அந்தோனி அண்ணை போன் எடுத்தார்.

“தம்பி, அந்தப் பிள்ளைக்குப் பதில் எழுத ஏலாமல் கிடக்கு.”

“அது முடிஞ்ச கேள்வி அண்ணை.”

“கேள்வி முடிஞ்சுதோ? காத்து இன்னும் தொடங்கவே இல்லை, இரவைக்குத்தான் பிடிக்கும். நாளைக்கு ஒரு படகும் ஓடாது. இண்டைக்குப் பின்னேரமே வரச் சொல்லும்.”

கேள்வியைத் திரும்பத் திறக்க மூன்று மட்டுறுத்துநர்களின் வாக்கு வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்த புண்ணியவானும் நான்தான். மற்ற இருவரும் கனடாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். தர்சினியின் தொலைபேசி எண்ணும் என்னிடம் இல்லை.

வேறு வழியின்றி, அவளுக்கு அறிவிப்புப் போகும்படி அவள் பெயரையும் சேர்த்து நானே ஒரு கேள்வி போட்டேன்: “நாளைக்கு நெடுந்தீவுக்குப் படகு ஓடுமோ?”

அந்தோனி அண்ணை உடனே எழுதினார்: “ஓடாது. பிள்ளை, இண்டைக்கு நாலு மணிக்குக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வாரும். இரவைக்கு என்ரை வீட்டிலை மனுசியோடை தங்கலாம்.”

அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். பொழுதுபட அந்தோனி அண்ணை மீண்டும் அழைத்தார்.

“பிள்ளை வந்திட்டுது. படகு ஆடின ஆட்டத்திலை வழி முழுக்கச் சத்தி எடுத்தது. எண்டாலும் வந்திட்டுது.”

திங்கட்கிழமை ஒரு படகும் ஓடவில்லை. தர்சினி காலையிலேயே பள்ளிக்கூடத்தில் ஒப்பம் வைத்துவிட்டாள். கனடாக்காரர் ஒருவர் நித்திரையால் எழும்பி, ‘ஏற்கனவே கேட்கப்பட்டது’ என்று என் கேள்வியை மூடி, எனக்கு எச்சரிக்கையும் அனுப்பினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு. கேள்வியை மூடும்போது கேட்டவரின் வாயை அல்ல, பதில் தெரிந்தவரின் வாயைத்தான் நாம் மூடுகிறோம்.