வேர்த்த கண்ணாடி

புளியந்தீவில் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுத்த அல்பேட்டைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். குடிகாரன் என்பார்கள், அது சுத்தப் பொய். வீம்பு பிடித்தவர் என்பார்கள், அது உண்மை. ஊரில் பாதி வீட்டுச் சுவர்களில், செத்தவர்கள் அவர் போட்ட சட்டத்துக்குள்ளிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட மனுஷனிடம் சொந்தப் பெண்டாட்டியின் படம் ஒன்றுகூட இல்லை.

ஜோசப்பினை அவர் கட்டியது உலகச் சண்டைக் காலத்தில். பிலிம் தட்டுப்பாடு, கலியாணப் படம் எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் ஸ்டூடியோவுக்குப் போய் அவளைத் தனியே நிறுத்தி எடுத்ததுதான் ஒரே படம். நாலு வருஷம் குடும்பம் நடத்திவிட்டுக் காய்ச்சலில் போய்விட்டாள், பிள்ளையும் இல்லை. அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார். ஊரார் படத்துக்கெல்லாம் கண்ணாடி படத்தில் ஒட்டாமல் இடையில் ஓரத்தைச் சுற்றி மட்டை வைப்பவர், இதற்கு வைக்கவில்லை. அவள் முகத்துக்கும் தனக்கும் நடுவில் அந்த மட்டை இடைவெளிகூட எதற்கு என்று நினைத்தாராம். ஆசைதான், வேறென்ன!

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் கடைக்குள் ஏறியபோது அந்தப் படம் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிப்போயிற்று. உரித்தார். கூழாகக் கையில் வந்தது. வெள்ளம் வடிந்ததும் ஊர்ச் சனம் நனைந்த படங்களைக் கொண்டுவந்து கடையில் குவித்தது. ஜோசப்பின் படத்துக் கண்ணாடியையும் சேர்த்து, கழுவிய கண்ணாடிகளை எல்லாம் ஒரே மூலையில் அடுக்கினார். எது எவருடையது என்று குறித்துவைக்கிற மனநிலையில் அப்போது அவர் இல்லை.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஓடிற்று. ஜோசப்பினின் குரல் நினைவிருந்தது. கால் மெட்டி நிலத்தில் உரசும் சத்தம்கூட நினைவிருந்தது. முகம்தான் வர மறுத்தது. பெண்டாட்டியின் முகம் மறந்துபோயிற்று என்று எந்த வாயால் வெளியில் சொல்வது? மனுஷன் தனக்குள்ளேயே வைத்துப் புழுங்கினார்.

அறுபத்தாறாம் ஆண்டு மார்கழியில் காத்தான்குடித் துணி வியாபாரி ஹலீம் ஒரு பழைய மீன் தொட்டியோடு வந்தார். ஊர் மாறிப்போன ஒரு இஞ்சினியரின் பங்களாவில் ஏலத்தில் எடுத்ததாம். இரும்புச் சட்டம் துருப்பிடித்து, கண்ணாடியை ஒட்டிய புட்டிப் பசை காய்ந்து பொரிந்து, ஒரு பக்கத்துச் சின்னக் கண்ணாடி உடைந்து கிடந்தது.

“அல்பேட் அண்ணன், வாற வெள்ளி உட்டு அடுத்த வெள்ளி ஜும்மாவுக்குப் புறகு புதுக் கடை தொறக்கிற. வாசல்ல இத வெக்கணும். ஒழுகப்படாது” என்றார்.

“மழை பெய்யிற ஊரில ஒழுகாத கூரை கேட்டா யோசிப்பன். ஒழுகாத தொட்டிதானே, தாறன்” என்றார் அல்பேட்.

பழைய புட்டியை உளியால் கொத்தி எடுப்பதிலேயே ஒருநாள் போயிற்று. துருவைச் சுரண்டிச் செந்தூரப் பூச்சு அடித்தார். சுண்ணாம்புத் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்த புட்டியில், தோணிக்குப் பூசுகிறவர்கள்போலக் கொஞ்சம் குங்கிலியமும் சேர்த்துக்கொண்டார். உடைந்த கண்ணாடிக்குப் பதில் மூலையில் அடுக்கியிருந்ததில் ஒன்றை எடுத்து அளந்தார். அச்சொட்டாக இருந்தது. படக் கண்ணாடி மெல்லியதுதான், சின்னப் பக்கம் என்பதால் தாங்கும்.

ஒழுக்குப் பார்க்கத் தண்ணீர் நிரப்ப வேண்டும். வாவிப் பக்கத்துக் கிணறு உவர், கண்ணாடியில் கறை பிடிக்கும். அதனால் பீப்பாயில் சேர்ந்த மழைத் தண்ணீரை அள்ளி ஊற்றினார். புட்டி விஷமா என்று பார்க்கத் தெருவோரக் கானில் பிடித்த இரண்டு குஞ்சு மீன்களையும் விட்டார். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த நடுப்பகல் அது. குளிர்ந்த தண்ணீருக்குக் கண்ணாடி வெளிப்பக்கம் வேர்க்கத் தொடங்கிற்று.

எல்லா இடமும் வேர்த்தது. சின்னக் கண்ணாடியில் மட்டும் ஒரு இடம் வேர்க்கவில்லை. அந்த இடத்துக்கு நெற்றி இருந்தது. வகிடு இருந்தது. கழுத்து இருந்தது.

“மாதாவே!” என்று அல்பேட் பின்னால் சரிந்து பலகையில் குந்திவிட்டார். ஒரு பெண்ணின் முகம் தொட்டிக்குள்ளிருந்து அவரைப் பார்த்தது. குஞ்சு மீன் அதன் பின்னால் போனபோது கண் அசைந்ததுபோல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வேர்வை துளியாகத் திரண்டு வடிந்தது. முகமும் வடிந்து போயிற்று.

பயம் தெளிந்ததும் விஷயம் புரிந்தது. படத்தோடு நெடுநாள் ஒட்டிக் கிடந்த கண்ணாடியை என்ன போட்டுக் கழுவினாலும், ஊதினால் படத்தின் சாயல் தெரியும். சட்டம் போடுகிறவர்கள் அறிந்த சங்கதி. தன் கையால் மட்டை வைக்காமல் போட்ட படம் ஒன்றே ஒன்றுதான். அப்படியென்றால்? தொட்டியைக் காலிசெய்தார். மறுபடி பீப்பாயிலிருந்து அள்ளி ஊற்றினார். வந்தாள். மனுஷன் வாய்விட்டு அழுதார்.

அதற்குப் பிறகு வேறு வேலை ஓடவில்லை. பகலில் மூன்று தரம், நாலு தரம் ஊற்றுவதும் கொட்டுவதும்தான். நெற்றியைப் பார்த்து மனப்பாடம் செய்தார். உதட்டைப் பார்த்து மனப்பாடம் செய்தார். கண்ணை மூடினாலும் இப்போது முகம் பளிச்சென்று வந்தது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு, ஓடிப்போனவள் திரும்பி வந்ததுபோல் வந்தது.

செவ்வாய்க்கிழமை ஹலீம் வந்து நின்றார். “தொட்டி முடிஞ்சா?”

“ஒழுகுது முதலாளி.”

“எங்க ஒழுகுது? நிலம் காஞ்சி கிடக்கே!”

“இப்ப ஒழுகல்ல. மறுகா ஒழுகும்.”

“யா அல்லாஹ், இதென்ன புதுக் கத! வெள்ளி காலமெ வண்டியோட வருவன். ஒழுகினாலும் ஏத்துவன்” என்று சொல்லிப்போட்டுப் போனார்.

கொடுக்கிற எண்ணம் அல்பேட்டுக்கு இல்லை. ஆனால் இந்தச் சந்தோஷத்தைத் தனியே வைத்திருக்கவும் முடியவில்லை. தாண்டவன்வெளியில் இருந்த ஜோசப்பினின் தங்கை றோஸ்மேரிக்கு ஆள் அனுப்பினார். பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவள், விடுமுறைக்கு வீட்டில் இருந்தாள். வியாழன் பகல் குடையோடு வந்தாள்.

“ஒண்டும் கேளாத புள்ள, பேசாம பாரு” என்று அவளைத் தொட்டிக்கு முன்னால் இருத்தி, தண்ணீரை ஊற்றினார். கண்ணாடி வேர்த்தது. முகம் வந்தது. அல்பேட் அதைப் பார்க்கவில்லை, றோஸ்மேரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆரு அத்தான் இது?”

“என்ன கேள்வி இது? உன்ட அக்கா.”

“இது அக்கா இல்ல.”

“வடிவாப் பாரு!”

“வடிவாப் பாத்துத்தான் சொல்றன். அக்காட இடது புருவத்தில வெட்டு இருந்தது. சின்னப்புள்ளையில சிரட்டையால எறிஞ்சது நான், எனக்கு மறக்குமா? படத்திலயும் அது தெரியும். இவக்கு ரெண்டு புருவமும் முழுசா இரிக்கி.”

அல்பேட்டின் பெருவிரல் தன்பாட்டில் அசைந்தது. நாலு வருஷம் அந்தப் புருவ வெட்டைத் தடவிய விரல் அது. விரலுக்கு நினைவிருந்தது.

“மட்டை வெக்காம நான் போட்டது அவட படம் ஒண்டுதானே, புள்ள. வேற ஆரா இரிக்க ஏலும்?”

“வெள்ளத்துக்குப் புறகு கண்டவன் போட்ட சட்டமெல்லாம் இஞ்சதானே வந்து குவிஞ்சது. அதில எத்தினை மட்டை இல்லாம இருந்ததோ.”

இரண்டு பேரும் மூலையில் மிச்சம் இருந்த கண்ணாடிகளை எடுத்து ஒவ்வொன்றாக ஊதினார்கள். பதினொன்று இருந்தது. ஒன்றிலும் ஒன்றும் இல்லை. மற்றதெல்லாம் ஒன்பது வருஷத்தில் வெட்டுப்பட்டு, சட்டம் ஏறி, எந்தெந்த வீட்டுக்கோ போய்விட்டது. ஜோசப்பின் இப்போது எவருடைய சுவரில், எவருடைய முகத்துக்கு மேல் கிடக்கிறாளோ என்று றோஸ்மேரி நினைத்துப் பார்த்தாள். குடையை எடுத்துக்கொண்டு வேகமாக வீட்டுக்குப் போய்விட்டாள்.

வெள்ளி காலை ஹலீம் தொட்டியை வண்டியில் ஏற்றினார். அல்பேட் ஒரு பக்கம் தூக்கிக் கொடுத்தார். புதுக் கடை வாசலில் அது வருஷக்கணக்காக இருந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அடுத்த வருஷம் இறந்தோர் திருநாளன்று, கல்லறையில் மெழுகுதிரி கொளுத்த இரண்டு பேரும் போனார்கள். அல்பேட் கண்ணை மூடி ஜோசப்பினின் முகத்தை நினைத்துப் பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளைபோல, “அக்கா எப்பிடி இருந்தா, சொல்லு புள்ள” என்று கேட்டார்.

றோஸ்மேரி சொன்னாள். புருவத்தைச் சொன்னாள், மூக்கைச் சொன்னாள், சிரிக்கும்போது ஒருபக்கம் கோணும் வாயைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“வருகுதா அத்தான்?”

“இல்ல, புள்ள” என்றார் அல்பேட். “ஜோசப்பின் எண்டு கூப்பிட்டா தொட்டியில வந்தவதான் திரும்பிப் பாக்கிறா.”