இரண்டு நாள் பொட்டலம்

திங்கள், காலை 7.40. திருநெல்வேலி ரயில் இரண்டு மணி நேரம் தாமதமாக மும்பை தாதரில் இறக்கிவிட்டது. மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. மாட்டுங்காவுக்கு இரண்டரை கிலோமீட்டர், டாக்ஸிக்கு நாற்பத்தொரு ரூபாய். நான் ஆய்வகத்தில் கிருமிகளோடு குப்பை கொட்டுகிறவள். மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் இரண்டு நாள் வகுப்பெடுக்க வந்திருந்தேன்.

காலை 10. காபி பிரமாதம். நான் எதைச் சொன்னாலும் இருபத்திரண்டு பேரும் தலையாட்டினார்கள். தலையாட்டுகிற வகுப்பை நான் நம்புவதில்லை. மறுநாள் ஆளுக்கொரு நோயாளியின் கேஸ் பேப்பரைக் கொண்டுவரச் சொன்னேன். ஒவ்வொரு முறை வரும்போதும் டாக்டர் எழுதி வைக்கிற அட்டை அது.

செவ்வாய், 11.15. தாராவியில் முப்பது வருடமாகக் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஆறுமுகம் எழுந்தார். பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கும் பேச்சியம்மாளின் அட்டையை வாசித்தார். காய்ச்சல், ஆன்டிபயாடிக், இரண்டு நாள். சளி, அதே மாத்திரை, இரண்டு நாள். அவருடைய ஃபீஸிலேயே இரண்டு நாள் மாத்திரைப் பொட்டலமும் சேர்த்தி. காய்ச்சல் விட்டால் மறுபடி யாரும் வருவதில்லை. ஏழாவது வரியில் குரல் இறங்கிவிட்டது.

"எல்லாம் என் கையெழுத்துதான் மேடம்."

அட்டையோடு அன்று காலை வந்த சிறுநீர்ப் பரிசோதனை முடிவும் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். வரிசையாக எந்த மருந்தும் கேட்காது என்றிருந்தது. கடைசியில் ஒரே ஒரு ஊசி மருந்து மிச்சம், அதையும் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

"சாயங்காலம் அவ வருவா. நீங்களும் வாங்க மேடம். ஒத்தையில சொல்ல எனக்கு வாய் வராது" என்றார்.

மாலை 5.30. தாராவியின் தொண்ணூறடி ரோட்டில் கணுக்கால் வரை தண்ணீர். கிளினிக் பத்தடிக்கு எட்டடி இருக்கும். பேச்சியம்மாள் விலாவைப் பிடித்துக்கொண்டு, மகள் மேல் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

"டாக்டரய்யா, எப்பவும் குடுக்க கோலியக் குடுங்க. நாளைக்குப் பட்டறைக்குப் போவணும்." மாத்திரைக்கு அங்கே கோலி என்றுதான் பேர்.

"அது இனிமே கேக்காது பேச்சி. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரில படுக்கணும். தள்ளிப்போட்டா உசுருக்கே ஆபத்து."

"முன்னாடி கேட்டுச்சே?"

அவர் என்னைப் பார்த்தார். நாளெல்லாம் மைக்கில் பேசுகிற நான் பரிசோதனைத் தாளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தான் கெடுத்தேன்" என்றார் அவரே.

பேச்சியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கள யாரு கொறை சொன்னா? எம் பிள்ளைகள வளத்ததே உங்க கோலிதான்!"

ஒருவழியாகச் சம்மதித்தார். டாக்ஸியில் ஏறும் முன் சுருக்குப்பையை அவிழ்த்து, எட்டொன்பது பாதிப் பொட்டலங்களை டாக்டர் கையில் வைத்தார். "காய்ச்ச விட்டதும் நிப்பாட்டி மிச்சம் புடிச்சேன். ஒண்ணையும் வீணாக்கல. இல்லாதவங்க யாருக்காச்சும் குடுங்க."

டாக்டர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். டாக்ஸி திரும்பி மறைந்த பிறகும் அப்படியே நின்றார். எனக்கு அழுகை வந்தது.

வியாழன், ஊர் திரும்பும் ரயில், ஹூப்ளி தாண்டி. டாக்டரிடமிருந்து செய்தி: "மருந்து ஏறுது. காய்ச்சல் இறங்கல. மூத்திரம் நின்னுட்டு." பதில் எழுதி எழுதி அழித்தேன்.

வெள்ளி, காலை. திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கும்போது இன்னொன்று: "போயிட்டா மேடம்."

பாளையங்கோட்டையில் மழை இல்லை, சாக்கடைத் தண்ணீர் இல்லை, வெயில் சுத்தமாக அடித்தது. வீட்டில் பையைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் கணவர் கேட்டார்: "தொண்டை ஒரே கரகரன்னு இருக்கு. போன தடவை மிச்சமிருந்த மாத்திரைய எங்க வச்ச?"

ஃப்ரிட்ஜ் மேலிருந்த டப்பாவைத் திறந்தேன். மூன்று ஆன்டிபயாடிக் அட்டைகள், ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு மாத்திரை. பத்திரமாக எடுத்து வைத்தது நான்தான்.