உடையத் தெரிந்த கால்

அலுவலகத்தில் அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறு எங்கும் அது புழங்கியதில்லை. எல்லோருக்கும் அவள் காலக்கா. ஹெலிகாப்டருக்குக் கால் போடுகிறவள். எஞ்சினுக்கு ஒரு மாடி, சுழலும் தகடுகளுக்கு ஒரு மாடி, கண்ணாடிக்கும் கதவுக்கும் ஒரு மாடி என்று ஆட்கள் நிரம்பி வழிய, கீழே பட்டறையை ஒட்டிய அறையில் இவளும் இவளுடைய சக்கரங்களும். உறவுக்காரர்கள் யாராவது, நீ ஹெலிகாப்டரைப் பறக்கவைக்கிறாயாமே என்று வாயைப் பிளந்தால், பறக்கவைக்க அங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் நிற்கவைக்கிற ஆள் என்பாள். கேட்டவர்களுக்குச் சப்பென்று போய்விடும்.

அவள் போடுவது மடங்காத கால். மேலே போனதும் சக்கரத்தை வயிற்றுக்குள் சுருட்டிக்கொள்ளும் வகை உண்டு. இவளுடையது எப்போதும் வெளியிலேயே தொங்கும். காற்றைத் தடுக்கிறது, வேகத்தைக் குறைக்கிறது, பார்க்க லட்சணமாக இல்லை என்று மேல்மாடிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவளிடம் அதற்கு ஒரே பதில்தான். விழுகிற அவசரத்தில் காலை நீட்ட வேண்டுமென்று யாருக்கும் ஞாபகம் வரவேண்டியதில்லை.

அந்தக் காலுக்குள் அப்படி ஒன்றும் பெரிய ரகசியம் கிடையாது. கொஞ்சம் எண்ணெய், அதற்கு மேல் அடைத்து வைத்த காற்று, நடுவில் ஒரு சின்னத் துளை. வண்டி இறங்கும்போது அதன் பாரமெல்லாம் அந்த எண்ணெயைத் துளை வழியாகப் பிதுக்கித் தள்ளும். வந்த வேகம் அங்கேயே சூடாக மாறி அடங்கிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இறங்கி நின்ற ஒரு ஹெலிகாப்டரின் காலைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் விட்ட குழந்தையின் நெற்றிபோல் இளஞ்சூடாக இருந்தது. வானத்திலிருந்து வந்த அத்தனை பாரமும் இந்தச் சூட்டுக்குள்ளா ஒடுங்கிப்போனது என்று கையை எடுக்க மனமில்லாமல் நின்றாள். அந்த வியப்பு அவளுக்கு இன்றுவரை தீரவில்லை.

முதன்முதலாகத் தனியாக ஒரு கால் வரையச் சொன்னபோது, கால் என்றால் உடையக் கூடாது, அவ்வளவுதானே என்று நினைத்தாள். பார்த்த இடமெல்லாம் தடிமன் கூட்டினாள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதெல்லாம் சாப்பாட்டுக்குச் சொன்னது என்பது அவள் எண்ணம். சோதனை நாளில் ஒரு பழைய ஹெலிகாப்டர் கூட்டில் அந்தக் கால்களைப் பூட்டி, இருக்கைகளில் ஆளுக்குப் பதில் மணல்மூட்டைகளைக் கட்டி, கிரேனில் தூக்கிப் போட்டார்கள். கட்டடமே அதிர்ந்தது. தூசி அடங்கியதும் பார்த்தால் காலில் ஒரு கீறல் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். உச்சி குளிர்ந்துபோய் அவளே போய்க் கதவைத் திறந்தாள். உள்ளிருந்து மணல் சரசரவென்று அவள் பாதத்தில் கொட்டியது. காலின் மேல்முனை வண்டியின் ஃப்ளோரைப் பொத்துக்கொண்டு வந்து இருக்கைக்கு நடுவில் நின்றது. மூட்டைகளில் ஒன்றுகூட முழுசாக இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முகத்தில் ஈயாடவில்லை. கணவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். யார் முகத்தையும் பார்த்தே நாடி பிடிக்கிறவர். என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"கால் நல்லா இருக்குங்க," என்றாள். "ஆளுங்கதான் இல்ல."

அதற்குப் பிறகு அவள் வரைந்த கால்களெல்லாம் உடையத் தெரிந்த கால்கள். உடைவதிலும் ஒரு வரிசை வைத்தாள். எண்ணெய் தன்னால் ஆனதைத் தாங்கும். மிஞ்சினால் டயர் வெடிக்கும். அதற்கும் மிஞ்சினால் உள்ளே இருக்கும் மெல்லிய குழாய் அப்பளமாக நொறுங்கும். எல்லாம் கைவிட்ட பிறகு, காலை உடம்போடு பிடித்திருக்கும் விரல் தடிமன் ஆணி ஒன்று அறுந்து, கால் மேலே குத்தாமல் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். அந்த ஆணியைப் பார்த்த பட்டறை ஃபோர்மேன், இது தாங்குமா என்று இழுத்தார். தாங்கக் கூடாது என்றாள் இவள். வாய்தான் அப்படிச் சொன்னது. ஒரு நூல் மெலிந்தால் சாதாரண இறக்கத்திலேயே கால் கழன்றுவிடும். ஒரு நூல் தடித்தால் மறுபடியும் மணல். கிரேன் சோதனையில் தேறியது வாஸ்தவம்தான். ஆனால் கிரேன் நேராகத்தான் போடும். வானம் அப்படிப் போடுமென்று யார் கண்டது?

இந்தச் சமயத்தில்தான் கணவருடைய ஆஸ்பத்திரி நோயாளிகளை ஏற்றிவர ஹெலிகாப்டர் வாங்கியது. அவளுடைய கால் பூட்டிய வண்டி. கூடப் போக நர்ஸ் வேண்டும் என்றதும் மனிதர் முதல் ஆளாகக் கையைத் தூக்கிவிட்டார். அவள் தடுக்கவில்லை. ஊரார் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஆணி போதும் என்று கையெழுத்துப் போட்டவள், என் வீட்டு ஆளுக்குப் போதாது என்று எந்த வாயால் சொல்வாள்? சில காலைகளில் ஆஸ்பத்திரி வேலிக்கு வெளியே நின்று அந்த வண்டி இறங்குவதைப் பார்ப்பாள். தகடுகள் பிடித்திருந்த பாரம் மெல்ல மெல்லச் சக்கரத்துக்கு மாறும். கால்கள் ஒரு சாண் அமிழ்ந்து, பெருமூச்சு விட்டதுபோல் நிற்கும். பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மெய்சிலிர்க்கும். கூடவே அந்த ஆணி நெஞ்சில் உறுத்தும்.

ஒரு நாள் மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் வந்தது. கணவர்தான். குரல் நிதானமாக இருந்தது. அவர் நிதானமாகப் பேசினாலே விஷயம் பெரிது என்று அர்த்தம். நோயாளியை ஏற்றிக்கொண்டு வரும் வழியில் எஞ்சின் நின்றுவிட்டதாம். பைலட் எப்படியோ ஒரு கல்லுமேட்டில் கொண்டுவந்து போட்டாராம், அதுவும் ஒருபக்கமாகச் சாய்ந்தபடி.

"உன் கால் ரெண்டும் போச்சு," என்றார்.

"ஃப்ளோர்?" என்றாள்.

அவர் குரலில் கேலி ஏறியது.

"வானத்துலேருந்து விழுந்த புருஷன்கிட்ட அடிபட்டுச்சான்னு கேக்கமாட்டியா?"

"அதைத்தாங்க கேக்குறேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் பேசியபோது குரலில் இருந்த கேலி போயிருந்தது. "ஃப்ளோர் நல்லா இருக்கும்மா. அதுமேலதான் உக்காந்திருக்கேன். பேஷண்ட் பக்கத்துல படுத்திருக்கார். பைலட்டுக்கு உதடு கிழிஞ்சிருக்கு, அவ்வளவுதான். தலைக்கு வந்தது காலோட போச்சு."

அவள் நாற்காலியைத் தேடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் ஃபோர்மேனோடு அந்த மேட்டுக்குப் போனாள். ஹெலிகாப்டர் கால்களை இருபக்கமும் பரப்பிக்கொண்டு, சம்மணம் போட்டதுபோல் உட்கார்ந்திருந்தது. ஃபோர்மேன் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். டயர் வெடித்திருந்தது. குழாய் நொறுங்கியிருந்தது. ஆணி கத்தியால் நறுக்கியதுபோல் இரண்டு துண்டு. காகிதத்தில் போட்ட கணக்கை இரும்பு காதுகொடுத்துக் கேட்டிருக்கிறது. அவர் ஒரு துண்டை எடுத்துத் துடைத்து, பார்க்கச் சொல்லி அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. முதலில் போய்க் கதவைத் திறந்தாள். கணவர் உட்கார்ந்திருந்த இருக்கைக்குக் கீழே, ஒரு கீறலும் இல்லாத அந்த ஃப்ளோரில் உள்ளங்கையை வைத்தாள். எடுக்க மனம் வரவில்லை.