பிள்ளையார்பாளையத்தில் என் வாயால் பேசியது யார்?

ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு நானும் என் மனைவி மல்லிகாவும் செய்யாற்றில் காஞ்சிபுரம் பஸ் ஏறினோம். முப்பது கிலோமீட்டர் சொச்சம். மாவு மில்லுக்கு லீவு விட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை விரதம், வயிற்றில் பச்சைத் தண்ணீர் மட்டும்தான்.

மல்லிகாவின் தங்கை வசந்தாவின் வீட்டுக்குப் போகிறோம். வசந்தா இல்லை. காய்ச்சலில் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவள் மகள் நித்யாவுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது. பூவும் பொட்டுமாய்ப் போய்விட்ட பெண்ணை எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி என்போம். வீட்டில் கல்யாணம் என்றால் பம்பை அடித்து அவளை அழைத்து, சொந்தத்தில் யார் மேலாவது வரவழைத்து, சம்மதம் கேட்ட பிறகுதான் பந்தக்கால். மாப்பிள்ளை ஒரகடம் கம்பெனியில் நித்யாவோடு வேலை செய்கிற பையன். அவளே பார்த்துக்கொண்டது. வசந்தா வந்து வேண்டாம் என்றால் கல்யாணம் இல்லை என்று அவள் அப்பா, என் சகலை ஏகாம்பரம், தீர்த்துச் சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் நான் மல்லிகாவிடம், பிள்ளை பார்த்த பையனையே கட்டிவைப்பதுதான் நல்லது என்றேன். அதை வசந்தா சொல்லட்டும், நீங்கள் வாயை மூடிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

பத்தரைக்கு இறங்கினோம். பிள்ளையார்பாளையத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய். தெருப் பெயரைச் சொன்னதுமே டிரைவர், "பூவாடக்காரி கும்புடற வூடா? பம்பக்காரர இப்பதான் எறக்கி வுட்டுட்டு வரேன்" என்றார். தெரு முழுக்கத் தறிச் சத்தம். ஏகாம்பரத்தின் வீட்டுத் தறி மட்டும் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு பாதிக் கூடத்தை அடைத்து நின்றது.

மூன்று மணிக்குச் சர்வதீர்த்தக் குளத்துக்குப் போய்க் கலசத்தில் தண்ணீர் எடுத்து, அதில் வசந்தாவை அழைத்து வந்தோம். தறிக்கும் சுவருக்கும் நடுவில் நெருக்கியடித்து நின்றோம். சாம்பிராணிப் புகையில் பக்கத்து ஆள் முகம் தெரியவில்லை. ஏகாம்பரத்தின் தங்கை சரோஜா கலசத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். அந்த வீட்டில் எப்போதும் அவள் மேல்தான் வரும். நித்யாவைத் தன் மகனுக்குக் கேட்டுக் கிடைக்காதவளும் அவள்தான். நித்யா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பம்பைக்காரர் வசந்தாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாடினார். அவள் பிறந்தது, வாழ வந்தது, ஆஸ்பத்திரியில் கிடந்தது எல்லாம் வந்தது. அடி வேகமாயிற்று. மில்லில் நாள் முழுக்க இதைவிடப் பெரிய சத்தத்தில் நிற்கிறவன் நான். ஒன்றும் ஆனதில்லை. இது காதில் விழவில்லை, அடிவயிற்றில் விழுந்தது. விளக்கு இரண்டாகத் தெரிந்தது. விரல் நுனி ஜில்லென்று ஆயிற்று. காமாட்சித் தாயே என்று நினைத்தேன்.

பிறகு தரையில் கிடந்தேன். சட்டை மஞ்சள் தண்ணீரில் நனைந்திருந்தது. நாக்கு கற்பூரம் பட்டு எரிந்தது. கண்மூடித் திறந்த நேரம் என்று நினைத்தேன், அரை மணிக்கு மேல் ஆயிற்றாம். கனவென்றால் ஒரு துணுக்காவது மிஞ்சும். ஒன்றுமே இல்லை.

மல்லிகாதான் அழுதுகொண்டே சொன்னாள். நான் பூ கேட்டேனாம், வளையல் கேட்டேனாம். ஏகாம்பரத்திடம் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டேனாம். நித்யாவின் கையைப் பிடித்து, நீ பார்த்த பையனையே கட்டிக்கோ என்றேனாம்.

அது பஸ்ஸில் நான் சொன்னதாயிற்றே என்று கேட்டேன். ஆனால் ஏகாம்பரம் மாத்திரை போடுகிற விஷயம் எனக்குத் தெரியாது. எப்போதோ காதில் விழுந்து மறந்திருப்பேனோ?

சரோஜா விடவில்லை. "எங்க வூட்ல பூவாடக்காரி ஆம்பள மேல வந்ததே இல்ல. செய்யாத்து அண்ணன் பசி மயக்கத்துல ஒளறிக்கினு இருந்தாரு, அதுக்குப் போயி எல்லாரும் வுழுந்து கும்புடறீங்க" என்றாள். ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவதான். மாத்திர கேட்டா பாரு, அவதான்" என்றார். பந்தக்காலுக்கு அப்போதே நாள் குறித்துவிட்டார்கள்.

பம்பைக்காரர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வந்தது யார் என்று கேட்டேன். "கூப்புடறதுதான் சார் என் வேல. அந்தம்மாவ நான் பாத்ததுகூட கெடயாது. வந்தது யாருன்னு வூட்டுக்காரங்கதான் சொல்லணும்" என்றார். வீட்டுக்காரர்களோ ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

மாலை ஆறரைக்கு நித்யா பஸ் ஸ்டாண்டுவரை வந்தாள். மல்லிகா முன்னால் போய் சீட் போட்டாள். நித்யா என் பையைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, "பெரியப்பா, அது அம்மாவா?" என்றாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். பொய்யாகவும் இருக்காதோ என்னவோ.

"தெரியலம்மா. காமாட்சி சத்தியமா எனக்குத் தெரியல."

பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "அப்படின்னா நீங்க ஒருவாட்டி சொல்லுங்க. உங்களுக்கு இஷ்டந்தானா?"

காலையில் பஸ்ஸில் எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். இப்போது வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. எந்தக் குரல் வருமோ என்று எச்சிலை விழுங்கிக்கொண்டு, "இஷ்டந்தாம்மா, கட்டிக்கோ" என்றேன்.

"இப்ப பேசறது நீங்கதானே?"

"நான்தாம்மா."

"அப்ப சரி" என்று சிரித்துவிட்டுப் பையைக் கொடுத்தாள். கண் மட்டும் நிறைந்திருந்தது.

செவிலிமேடு தாண்டிப் பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறியது. அதுவரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்த மல்லிகா என் பக்கம் திரும்பினாள். யாருக்கும் கேட்காத குரலில், "வசந்தா, இருக்கியாடி?" என்றாள்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். செய்யாறு வரும்வரை அவளும் விடவில்லை.