ஏரியக்காவும் காவல் கோழிகளும்

ஏரியக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் ஷூவைத்தான் பார்த்தார்.

"தம்பி, அதைக் கழட்டி அங்கயே வைங்க. இந்தக் கோட்டைத் தாண்டி அது வரக் கூடாது."

கம்பி வேலிக்கு முன்னால் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ரப்பர் பூட்ஸ்கள், நீலத் தொட்டி நிறைய கிருமிநாசினி, ஆணியில் தொங்கும் மேலங்கிகள். பொதுச் சுகாதாரக் கண்காணிப்புப் பிரிவில் மாதிரி சேகரிக்கும் வேலைக்குச் சேர்ந்து அதுதான் என் முதல் வாரம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கோழிக்கூண்டுக்குப் பாலிஷ் போட்ட ஷூவோடு வந்த முதல் ஆளும் நானாகத்தான் இருப்பேன்.

ஜீப் ஓட்டுநர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "அக்கா, சார் பெரிய படிப்பு படிச்சவரு. பாத்து நடத்துங்க."

"படிப்பு இருக்கட்டும். கோழி பிடிக்கத் தெரியுமா?"

அது எனக்குத் தெரியும். பக்கவாட்டில் போய், இரண்டு சிறகையும் சேர்த்து அணைத்து, தலையைக் கக்கத்துக்குள் விட்டால் கோழி அடங்கிவிடும். ரத்தம் எடுத்து முடிக்கும்வரை அது கொக்கென்றுகூடச் சொல்லவில்லை.

"காலேஜ்ல இதுவும் சொல்லித் தராங்களா?"

"இது எங்கம்மா சொல்லித் தந்ததுக்கா."

அப்போதுதான் முகத்தைப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான பெண்மணி. கிருமிநாசினியில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. ஏரிக்கரையில் இருப்பதால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ஏரியக்கா. அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்புவார்.

அந்த ஏரிக்குக் குளிர் தொடங்கும்போது எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வந்து இறங்கும். அவற்றோடு பறவைக் காய்ச்சலும் வந்து இறங்கலாம். அது கோழிப் பண்ணைகளுக்குள் புகுந்து, அங்கிருந்து மனிதர்களுக்கும் பரவிவிட்டால் கட்டுப்படுத்துவது லேசுப்பட்ட காரியமல்ல. அதனால் அரசு ஏரிக்கரையில் ஒரு கூண்டு வைத்து, தடுப்பூசி போடாத கோழிகளை அதில் விட்டிருந்தது. ஏரித் தண்ணீரே சின்ன வாய்க்கால் வழியாக அவற்றின் தொட்டிக்கு வரும். காட்டுப் பறவை குடிக்கும் தண்ணீரைத்தான் இவையும் குடிக்கும். ஊருக்குள் நோய் வருவதற்கு முன்னால் இவற்றுக்கு வர வேண்டும், அதை உடனே நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. காகிதத்தில் இதற்கு நீளமான பெயர் உண்டு. நாங்கள் காவல் கோழிகள் என்போம்.

"நம்ம டிபார்ட்மென்ட்லயே லீவு போடாத ஆளுங்க இவங்கதான்" என்பார் ஓட்டுநர். "பென்ஷன்தான் கிடையாது."

ஏரியக்காவின் கணவர் அங்கே பம்ப் அறைக் காவலாளியாக இருந்தவர். அவர் இறந்த பிறகு, பம்ப் அறையை ஒட்டிய ஒற்றை அறை வீட்டில் இவர் தங்கிக்கொள்ளலாம், கோழிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று. தீனி வைப்பது, கூண்டு கழுவுவது, கோழிகள் இடும் முட்டைகளைக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடுவது. அந்த முட்டையை யாரும் சாப்பிடக் கூடாது. சுருண்டு உட்காரும் கோழி ஒன்று கண்ணில் பட்டாலும் உடனே அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும். இதெல்லாம் கஷ்டமான வேலை இல்லை.

கஷ்டமானது வேறொரு விதி. காவல் கோழிகளைத் தொடுகிறவர், அதன் பிறகு ஒரு வாரத்துக்கு, பறவை வளர்க்கும் எந்த வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைக்கக் கூடாது. இவரோ தினமும் தொடுகிறவர். அவருக்கு அந்த ஒரு வாரம் முடிவதே இல்லை.

அவருடைய ஒரே மகள் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டது ஏரிக்கு எதிர்க்கரையில் கோழிப் பண்ணை வைத்திருப்பவரை.

கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியும் மகள் வீட்டு அடுப்படி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. பம்ப் அறைப் படியில் நின்றால் தண்ணீருக்கு அப்பால் பண்ணையின் தகரக் கூரை தெரியும். கொடியில் துணி ஆடுவது தெரியும். அது யாருடைய துணி என்று தெரியாது. தாயும் மகளும் சந்திப்பது பேருந்து நிலையத்தில், டீக்கடைக்குப் பக்கத்து சிமெண்ட் பெஞ்சில். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டுத்தான் உட்காருவார்களாம். மகள் கையைப் பிடிக்க வந்தால் இவர் முந்தானைக்குள் கையை இழுத்துக்கொள்வார்.

"குளிச்சிட்டு, துணி மாத்திட்டுத்தானே போறீங்க, அப்புறம் என்னக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"போறேன். இருந்தாலும் அவ மாப்பிள்ளை பொழப்பு அதுதானே. என் கையால எதுவும் போய்ச் சேரக் கூடாது."

நாள் முழுக்க அவர் பேசுவது கோழிகளோடுதான். "இதுங்ககிட்டயும் என்ன கேட்டாலும் கவர்ன்மென்ட் பதில்தான் தம்பி. சத்தம் வரும், ஒண்ணும் விளங்காது."

நான் வேலைக்குச் சேர்ந்த அந்த வருடம் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. பறவைகள் திரும்பிப் போகும் பருவத்தோடு வேலையை விட்டுவிட்டு, மகள் வீட்டோடு போய்விடுவதாக முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை தன் கையாலேயே வீட்டுக்குப் பின்பக்கம் ஓர் அறை கட்டிக்கொண்டிருந்தார். ஏரியைப் பார்த்த ஜன்னல் வேண்டுமா என்று மகள் போனில் கேட்டாள்.

"ஏரியப் பாத்தது போதும். ரோட்டப் பாத்து வைடி, நாலு மனுஷங்களப் பாக்கறேன்" என்றார் இவர்.

பறவைகள் கிளம்பத் தொடங்கியிருந்த நேரம். ஒரு காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. "தம்பி, ஒண்ணு போயிடுச்சு. இன்னொண்ணு தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்குது. கொண்டை நீலமா இருக்கு."

நானும் ஓட்டுநரும் போய்ச் சேர்வதற்குள் அந்த இன்னொன்றும் செத்துவிட்டது. முழு உடை, முகமூடி, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு மாதிரி எடுத்தோம். ஆய்வகத்திலிருந்து வந்த ஆள் அவற்றைக் கொண்டுபோனார். எங்கள் அதிகாரி போனில் என்னிடம் சொன்னார்: "ரிசல்ட் நாளைக்கு விடியும்போது வந்துடும். அதுவரைக்கும் வெளிய மூச்சு விடக் கூடாது. தெரிஞ்சா பண்ணைக்காரங்க கோழிகள அவசர அவசரமா ஏத்தி நாலு பக்கமும் அனுப்பிடுவாங்க." ஏரியக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தார், அதிகாரியின் குரல் அவருக்கும் கேட்டது. நான் எதுவும் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மதியத்துக்கு மேல், கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது, வேலிக்கு வெளியே உறையில் போட்டு வைத்திருந்த அவருடைய போன் அடித்தது. நான் அப்போதுதான் உடை மாற்றிக் கை கழுவி வெளியே வந்திருந்தேன். "பாப்பாவா பாருங்க. ஸ்பீக்கர்ல போடுங்க தம்பி" என்றார். அவர் கையில் கையுறை. நான் வேலிக் கம்பியோரம் போனைத் தூக்கிப் பிடித்தேன்.

"அம்மா, நாளைக்குக் காலைல லாரி வருது. இந்த செட் கோழி மொத்தமும் போயிடும். லாரிக்காரர் இன்னிக்குச் சாயங்காலம் சும்மாதான் இருக்காராம். இவரு இன்னிக்கே ஏத்திடலாமான்னு கேக்கறாரு. நீ என்ன சொல்ற?"

ஏரியக்கா கையிலிருந்த ரப்பர் குழாய் கீழே சாய்ந்தது. குழாயிலிருந்து தண்ணீர் பூட்ஸ்மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். எங்கிட்ட எதுக்குக் கேக்கற?"

"நீ சொன்னா அவருக்கு ராசினு ஒரு நெனப்பு. சொல்லேன்."

ஏரியக்கா என்னைப் பார்த்தார். கண்ணாடியும் முகமூடியும் இருந்ததால் அவர் முகத்தில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. "இன்னிக்கு வேணாம்டி. காலைலயே ஏத்தட்டும்" என்றார்.

"சரி. அறைக்கு சுண்ணாம்பு அடிக்கறாங்க. வெள்ளையா, மஞ்சளா?"

"ஏதோ ஒண்ணு அடிங்க."

போன் நின்றது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்து, "அக்கா..." என்று ஆரம்பித்தேன்.

"தம்பி, வெளிய குழாய மூடுங்க. தண்ணி வீணாப் போகுது."

மறுநாள் விடிவதற்குள் முடிவு வந்துவிட்டது. பறவைக் காய்ச்சல்தான். எதிர்க்கரைச் சாலையில் தடுப்பு போட்டார்கள். ஏரியைச் சுற்றிக் குறித்த வட்டத்துக்குள் இருந்த எல்லாப் பண்ணைகளிலும் கோழிகளைக் கொன்று புதைக்க உத்தரவு. மாப்பிள்ளையின் பண்ணை வாசலில் லாரி பாதி ஏற்றிய நிலையில் நின்றிருந்தது. ஏற்றிய கூடைகளையும் இறக்கச் சொன்னார்கள். வெள்ளை உடைக்காரர்கள் உள்ளே போவதை எங்கள் கரையிலிருந்தே பார்க்க முடிந்தது. ஏரியக்கா படியில் நின்று அதைப் பார்த்தாரா என்று நான் கவனிக்கவில்லை. எங்கள் மூவரையும் அதற்குள் உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள்.

செத்த கோழிகளைத் தொட்டவர்கள் என்பதால் எங்களுக்கு மாத்திரை கொடுத்து, பத்து நாள் தனியாக இருக்கச் சொல்லி, யாரும் நெருங்காதபடி வெளியே ரிப்பன் கட்டினார்கள். அவர் தன் அறையில், நான் பம்ப் அறையில், ஓட்டுநர் கருவிகள் வைக்கும் அறையில். காலையும் மாலையும் சுகாதாரச் செவிலியர் போன் செய்து காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று கேட்பார். எனக்கு அம்மா தினமும் போன் செய்தாள். ஓட்டுநருக்கு மனைவி, மச்சான், மாமனார், சீட்டாடும் கூட்டாளிகள் என்று போன் ஓயாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏரியக்காவின் போன் செவிலியருக்காக மட்டும் அடித்தது.

ஓட்டுநர் ஒருநாள் தன் ஜன்னலிலிருந்து பேப்பர் செய்தியைச் சத்தமாக வாசித்தார். "'காவல் கோழிகள் மூலம் முன்கூட்டியே கண்டறியப்பட்டது.' கோழிக்குப் பேர் வந்துடுச்சு, உங்களுக்குத்தான் வரலக்கா!"

"கோழிதானே செத்துச்சு" என்று பதில் வந்தது.

தனிமைக் காலம் பாதி கடந்திருந்தபோது மகள் வந்தாள். மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளைத் தூரத்திலேயே நிறுத்தி, இறங்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பம்ப் அறைச் சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். காதைப் பொத்தியிருந்தாலும் கேட்டிருக்கும்.

"அம்மா, வெளிய வா."

"வரக் கூடாதுடி. நீ ரிப்பனத் தாண்டாத. இன்னும் தள்ளி நில்லு."

"இன்னும் எவ்ளோ தள்ளி நிக்கணும் நான்? மூணு வருஷமா தள்ளித்தானே நிக்கறேன்."

ஏரியக்கா ஜன்னல் கதவை இன்னும் கொஞ்சம் திறக்கும் சத்தம் கேட்டது. மகள்தான் மறுபடியும் பேசினாள்.

"அன்னிக்கு நான் போன் பண்ணப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் வாய் விட்டுக் கேட்டேனேம்மா. ஏத்தலாமானு கேட்டேன்ல? வேணாம்னு சொன்னியே."

"சொன்னேன்."

"ஒண்ணும் தெரியாதுனு சொல்லியிருக்கலாம். உங்க இஷ்டம்னு சொல்லியிருக்கலாம். வேணாம்னு எதுக்குச் சொன்ன?"

"ஏத்தியிருந்தா சந்தைக்குப் போயிருக்கும். எத்தன பேர் கை மாறியிருக்கும்? வியாதியோட போயிருந்தா?"

"எங்க கோழிக்கு வியாதியே இல்ல! புதைச்சப்புறம் ரிசல்ட் வந்திருக்கு. ஒரு கோழிக்குக்கூட இல்ல. தெரியுமா உனக்கு?"

அது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவர் சொன்னார்: "நல்லதுடி."

"நல்லதா?"

"நீ தினம் அதுக்குள்ளயே கெடக்கறவ. உனக்கு ஒட்டாம இருந்துச்சே. அதச் சொன்னேன்."

மகள் அழுதாள். மாப்பிள்ளை திரும்பிப் பார்க்காமலே கத்தினார். "பேசினது போதும், வா! உங்கம்மா கவர்ன்மென்ட்டு. நாம பப்ளிக்கு. கவர்ன்மென்ட்டு பப்ளிக்குகிட்ட இவ்ளோ பேசினதே பெருசு."

வண்டி கிளம்பிப் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நான் சுவரைத் தட்டி, "அக்கா, நீங்க செஞ்சது சரிதான்" என்றேன். படித்த படிப்புக்கு அதைச் சொல்லத்தான் எனக்குத் தெரிந்தது.

"சரியாத்தான் இருக்கும் தம்பி" என்றார். "சரியா இருந்தா வலிக்காதுனு உங்க புஸ்தகத்துல எங்கயாச்சும் போட்டிருக்கா?"

எங்கள் மூவருக்கும் காய்ச்சல் வரவில்லை. அந்த ஏரிப் பக்கத்தில் யாருக்குமே வரவில்லை. அதிகாரி நேரில் வந்து கைகூப்பிப் பாராட்டினார். பண்ணைக்காரர்களுக்கு இழப்பீடு தாமதமாக வந்தது. மாப்பிள்ளை அதைக் கொண்டு திரும்பவும் குஞ்சுகளை இறக்கினார். பின்பக்கத்து அறையில் தீனி அரைக்க வந்த வேலையாள் குடும்பத்தைக் குடிவைத்தார். "வேற யாரையாவது இங்க போடட்டுமாம்மா? நீங்க போறதாச் சொன்னீங்களே?" என்று அதிகாரி கேட்டபோது, ஏரியக்கா புதிதாக வந்த கோழிகளின் காலில் வளையம் மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க சார் போறது?" என்று சொல்லிவிட்டு அடுத்த கோழியைப் பிடித்தார்.

பிறகு எனக்குத் தலைமை ஆய்வகத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. வாரம் ஒருமுறை ஏரியக்காவுக்குப் போன் செய்கிறேன். பேச்சு பெரும்பாலும் கோழிகளைப் பற்றித்தான். அவர் இன்றும் அதே ஒற்றை அறை வீட்டில் இருக்கிறார். மாப்பிள்ளை பேசுவதில்லை. மகள், வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எப்போதாவது கூப்பிடுகிறாள். பேருந்து நிலையத்துக்கு மட்டும் இன்னும் வரவில்லை. இந்தக் குளிருக்கும் பறவைகள் இறங்கிவிட்டன என்று போன வாரம் சொன்னார்.