பட்டியல் பாராத இருபத்தொரு நாட்கள்

பதினான்கு மாதங்கள் நான் பச்சையாகவே இருந்தேன். படிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இன்று எனக்கும் சிரிப்பு வருகிறது. அந்த நாட்களில் வரவில்லை.

நான் கம்பஸில் கணினி படிக்கிறேன். வீடு கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில், அப்பாவின் ஹார்ட்வெயார் கடைக்குப் பின்னால். ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை ஐந்தரைக்கு இணையத்தில் ஒரு போட்டி நடக்கும். பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஆறு கணக்குகளுக்கு நிரல் எழுதுவார்கள். நூறு நிமிடம். யார் எத்தனை முடித்தார்கள் என்று ஒரு பட்டியல் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். போட்டி முடிந்ததும் நம் புள்ளி ஏறும், அல்லது இறங்கும். புள்ளிக்கு ஏற்றபடி நம் பெயரின் நிறம் மாறும். சாம்பல், பழுப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று அது மேலே போகும். நான் முதலாம் வருடத்திலேயே விறுவிறுவென்று பச்சைக்கு வந்தவள். வந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

வெறும் நிறத்துக்காக அழுதேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் கம்பஸிலிருந்து பெரிய போட்டிக்கு ஓர் அணி போகும். மூன்று பேருக்கு ஒரே ஒரு கணினி, ஐந்து மணி நேரம். இரண்டு இடம் நிரம்பிவிட்டது. ஒன்று என் தோழி துவாரகா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மற்றவன் தினுஷ. மூன்றாவது இடம், ஜனவரிக்குள் நீலம் தொடுகிறவருக்கு என்று அணிக்குப் பொறுப்பான சேர் சொல்லிவிட்டார். அந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு எண்ணமே இருக்கவில்லை.

ஆனால் சனிக்கிழமை வந்தால் எல்லாம் ஒரே மாதிரித்தான் நடக்கும். முதல் இரண்டு கணக்கை முடிப்பேன். உடனே பட்டியலைப் பார்ப்பேன். மற்றவர்கள் நான்காவதில் நிற்பார்கள். மூன்றாவதைப் பாதியில் விட்டுவிட்டு நான்காவதுக்கு ஓடுவேன். திரும்பவும் பட்டியல். ஐந்து பேர் முந்தியிருப்பார்கள். மறுபடி மூன்றாவதுக்கு வருவேன். நேரம் முடிந்திருக்கும். ஒரு தரம் நீலத்துக்கு ஏழே ஏழு புள்ளி குறைவாக வந்து நின்றேன். அடுத்த வாரமே சறுக்கி விழுந்தேன்.

செய்யாத கூத்து இல்லை. நீலம் வரட்டும் என்று நீல சால்வை போட்டு உட்கார்ந்தேன். கிழக்கு நல்லது என்று மேசையையும் கதிரையையும் திருப்பினேன். குளியலறைக் கதவைப் பார்த்து உட்கார வேண்டி வந்தது. அன்றும் இறங்கினேன். சாப்பாட்டில் கோபத்தைக் காட்டினேன். அம்மாவின் மேல் எரிந்து விழுந்தேன். ஒருநாள் தலையணையில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதுகைத் தடவி, மிகவும் யோசித்து ஒன்று கேட்டார்.

"ஏன் பவி, பச்சை நல்ல கலருதானே? அதுக்குப் போய் யாராச்சும் அழுவாங்களா?"

அன்று எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. அணிக்கு இனி முயற்சி செய்யப்போவதில்லை என்று சேருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அனுப்பவில்லை, எழுதி வைத்துக்கொண்டேன். என்னால் முடியாது என்று நான் முழுசாக நம்பிய நாள் அது.

அந்தக் கார்த்திகையில்தான் பிள்ளையாரின் இருபத்தொரு நாள் விரதம் வந்தது. அம்மா வருடா வருடம் பிடிப்பார். நான் அதுவரை பிடித்ததில்லை. அந்த வருடம் நானும் வருகிறேன் என்றேன். பக்தியில் சொன்னேன் என்றால் பொய். வேறு வழி தெரியவில்லை. கண்டி டவுனில் உள்ள கோவிலுக்குப் போனோம். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டு, வேண்டுதலை மனதில் நினைக்கச் சொல்லி, இருபத்தொரு இழை நூலை என் இடது கையில் காப்பாகக் கட்டினார். நீலம் தா என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

ஒருவேளைச் சாப்பாடு. மச்சம் மாமிசம் கிடையாது. முதல் நாளே எனக்கு ஓர் உறுத்தல் வந்துவிட்டது. மரக்கறிச் சாப்பாடு எனக்குப் பிடித்தது. மதியச் சாப்பாட்டைப் பாதி நாட்களில் நான் எப்படியும் விட்டுவிடுவேன். இதில் நான் எதை விட்டேன்? கம்பஸிலிருந்து பஸ்ஸில் வரும்போது அதையே யோசித்துக்கொண்டு ஃபோனில் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டி இல்லாத நாள். மாறாத பட்டியல். அதைப் பெருவிரலால் இழுத்து இழுத்துப் புதுப்பிக்கிறேன். காப்புக் கட்டிய அதே கை.

எனக்கு வெட்கமாகிவிட்டது. வயிறு ஒரு சத்தமும் இல்லாமல் விரதம் இருக்கிறது, விரல் மட்டும் மாட்டேன் என்கிறது. இறங்குவதற்குள் முடிவு செய்தேன். இருபத்தொரு நாளும் பட்டியலைப் பார்ப்பதில்லை. போட்டிக்குள்ளும் இல்லை, முடிந்த பிறகும் இல்லை. ஏறினேனா இறங்கினேனா என்றுகூடத் தெரிந்துகொள்வதில்லை. பிள்ளையாரே, எனக்கு இதை விடுவதுதான் கஷ்டம், இதை நீ வைத்துக்கொள் என்று மனதுக்குள் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் ஃபோனை அம்மாவிடம் கொடுத்தேன். துவாரகாவிடம் பெறுபேறு எதையும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். பழைய கணக்குகளைத் தாளில் அச்செடுத்துப் பயிற்சி செய்தேன். இன்னொரு சிக்கல் இருந்தது. போட்டிப் பக்கத்தைத் திறந்தால் மேல் மூலையில் என் பெயர் அதன் நிறத்தோடு தெரியும். லெப்டொப் திரையின் அந்த மூலையில் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டில் பெரியதாக மூன்று எடுத்து வரிசையாக ஒட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, கம்ப்யூட்டருக்கும் பூஜை செய்கிறேன் என்று நினைத்து மகிழ்ந்தார்.

முதல் சனிக்கிழமை, கண்ணைக் கட்டிவிட்டது போல் இருந்தது. இரண்டாவது சனிக்கிழமை, ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டபோது கை தன்பாட்டில் பட்டியலுக்குப் போனது. ஓர் அழுத்து அழுத்தினால் தெரிந்துவிடும். காப்பு கண்ணில் பட்டது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கணக்கை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை பதினேழாம் நாள். நான்கு கணக்கை முடித்துவிட்டு ஐந்தாவதுக்கு வந்தேன். ஊர்களுக்கு இடையே பாதைகள். மழையில் சில நாள் ஒரு பாதை மூடப்படும், பிறகு திறக்கும், வேறொன்று மூடப்படும். ஒவ்வொரு நாளும் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகலாம் என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது கணக்கே இல்லை, மழைக்காலச் செய்தி. கலகெதரப் பாதையில் மண் சரிந்தால் சுற்றிப் போகிறவர்கள்தானே நாம். நேரடியாகச் செய்தால் கணினி மணிக்கணக்காக ஓடும். கடைசி நாளிலிருந்து பின்னோக்கிச் செய்யும் பழைய வித்தையும் இங்கே பலிக்கவில்லை.

ஆறவமர யோசித்தேன். ஒரு பாதை எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை திறந்திருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியும். அப்படியானால் ஊர்களைப் பிரிக்க வேண்டாம், நாட்களைப் பிரிக்கலாம். நாட்களை இரண்டாக, அதை மறுபடி இரண்டாகப் பிரித்துக்கொண்டே போய், ஒவ்வொரு பாதையையும் அதற்குரிய துண்டில் வைத்தால் போதும். தாளில் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. எழுதி முடிக்க ஐம்பது நிமிடத்துக்கு மேல் போனது. ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தபோது போட்டி முடிய மூன்று நிமிடம்தான் இருந்தது.

எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. ஒரே கணக்குக்கு ஐம்பது நிமிடம். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் முடித்து ஆறாவதையும் முடித்திருப்பார்கள். நான் தொலைந்தேன் என்றே நினைத்தேன்.

அன்றிலிருந்து அம்மாவின் போக்கு வினோதமாக இருந்தது. பாட்டு முணுமுணுத்தார். ஒருவேளைச் சாப்பாட்டில் பாயசம் வைத்தார். என்ன விசேஷம் என்று கேட்டால், பால் மிஞ்சிவிட்டது என்றார். மறுநாளும் பால் மிஞ்சியது. நான் இப்படி நொந்து கிடக்கிறேன், இவருக்கு என்ன கொண்டாட்டம் என்று எனக்குக் கடுப்பாக இருந்தது. இருபதாம் நாள், விரதம் முடிந்ததும் அணி முயற்சியிலிருந்து விலகுவதாகச் சேருக்கு எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அம்மாவின் கை அப்படியே நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, விரதம் முடியட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசி நாள் முழுப் பட்டினி. மறுநாள் காலை கோவிலில் தீர்த்தம் வாங்கி, காப்பை அவிழ்த்து, வீட்டுக்கு வந்து பாறணைக்கு உட்கார்ந்தோம். முதல் கவளம் உள்ளே போனதுதான் தாமதம், அம்மா ஃபோனை என் இலை ஓரத்தில் வைத்தார்.

"அஞ்சு நாளா வாய்க்குள்ளேயே அடக்கி வச்சிருக்கேன்டி. ஒன்னோட விரதம், நான் கெடுக்கக் கூடாதுல்ல. நீலமாயிருச்சாம். துவாரகா சொல்லுச்சு."

சோற்றுக் கையோடு எழுந்து ஓடினேன். பொட்டுகளைக் கிள்ளி எடுத்தேன். நீலம். அந்த ஐந்தாவது கணக்கைச் செய்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாக இருந்தார்கள். பட்டியலைப் பார்த்த மற்றவர்கள், யாருமே செய்யவில்லை என்று கண்டு அதை விட்டுவிட்டு ஆறாவதுக்கு ஓடியிருந்தார்கள். நானும் பார்த்திருந்தால் நானும் ஓடியிருப்பேன். அது கஷ்டமான கணக்கு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் செய்துவிட்டேன்.

துவாரகாவை அழைத்தேன்.

"ஓம், இப்பவாவது எடுத்தியே. எனக்குச் சொல்லேலாமல் வயிறு வெடிக்குது. அந்த அஞ்சாவதை எப்பிடியடி செய்தனி? எங்கட கம்பஸில ஒருத்தரும் தொடேல்ல."

நான் அழுதுவிட்டேன். அம்மாவும் அழுதார். கடையிலிருந்து அப்பா ஓடிவந்து, யாருக்கு என்ன ஆனது என்று பதறினார். மூன்றாவது இடம் எனக்குக் கிடைத்தது.

கதை இத்தோடு முடிந்தால் அழகாக இருக்கும். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். நீலம் வந்த பிறகு நான் சனிக்கிழமைப் போட்டிக்குப் போகவில்லை. பரீட்சை என்றேன், தலைவலி என்றேன். உண்மையில் பயம். போட்டிக்குப் போனால்தானே புள்ளி இறங்கும். இப்படியே பல வாரம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை விளக்கின் முன் நின்று, இதை என்னிடமிருந்து எடுத்துவிடாதே என்று கெஞ்சிக்கொண்டிருந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. கொடுத்தவரே எடுத்துவிடுவார் என்று பயந்து நான் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த நாளே பொட்டுகளைத் திரும்ப ஒட்டிக்கொண்டு போட்டிக்குப் போனேன், பட்டியல் பார்க்காமல்தான். அன்று நன்றாக இறங்கி மறுபடி பச்சையாகிவிட்டேன் என்று துவாரகா சொன்னாள். அம்மாவிடம் சொன்னேன். நல்ல கலர்தான் என்றார். இந்த முறை ஆத்திரம் வரவில்லை, அவரைக் கட்டிக்கொண்டேன். மூன்று வாரத்தில் நீலம் திரும்ப வந்தது.

பெரிய போட்டி கொழும்பில் நடந்தது. மண்டபத்தின் முன்சுவரில் அத்தனை அணிகளின் பட்டியலும் பெரிய திரையில் ஓடியது. எனக்குத் தெரியாத ஒரு வழக்கம் அங்கே இருந்தது. கடைசி ஒரு மணி நேரம் பட்டியலை நிறுத்திவிடுவார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்று யாருக்கும் தெரியாது. அது நின்றதும் மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. தினுஷ நகத்தைக் கடித்தான். துவாரகா திரையையே பார்த்தாள். எனக்கோ பழகிய இடத்துக்கு வந்தது போல் இருந்தது. விசைப்பலகையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அந்த ஒரு மணி நேரத்தில் எங்கள் அணி இன்னும் இரண்டு கணக்குகளை முடித்தது. முதலிடம் வரவில்லை. எங்கள் கம்பஸ் அதற்கு முன் வந்திராத ஓர் இடத்துக்கு வந்தோம். திரும்பும் வழியில் கடுகண்ணாவை ஏற்றம் முழுக்கப் பாட்டும் கைதட்டலும்தான்.

இந்த ஆடியில் என் பெயர் மஞ்சளானது. அதையும் துவாரகா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அம்மா எல்லோருக்கும் ஃபோன் போட்டு, மகளுக்கு மஞ்சள் வந்துவிட்டது என்றார். ஒரு சித்தி, கல்யாணமா என்று கேட்டார்.

கம்பஸில் சிலர் என்னைக் கேலி செய்கிறார்கள். கவனம் சிதறாமல் இருந்தாய், செய்தாய், இதில் சாமி எங்கே வந்தார் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பட்டியலைப் பார்க்கமாட்டேன் என்ற முடிவை நான் அந்தப் பதினான்கு மாதத்தில் எத்தனையோ தரம் எடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை எடுப்பேன், சனிக்கிழமை மீறுவேன். எனக்கு நானே கொடுத்த வாக்குக்கு என்னிடம் ஒரு மரியாதையும் இருக்கவில்லை. அவருக்குக் கொடுத்த வாக்கை மட்டும் என்னால் மீற முடியவில்லை. அந்தப் பலம் என்னுடையது இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குத்தான் இந்த நன்றி.

உங்களில் யாருக்காவது ஏதாவது ஒன்று இப்படிக் கையைவிட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். வரும் கார்த்திகையில் கோவிலுக்கு வந்து காப்புக் கட்டிக்கொள்ளுங்கள். விடுவதற்குச் சுலபமானதைக் கொடுக்காதீர்கள், கஷ்டமானதைக் கொடுங்கள். அவர் வாங்கி வைத்துக்கொள்வார். என்னுடையதை இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.