பதினாறு தொட்டி, ஒரே பிரஷ்

இறைச்சிக்காக மாடுகளைக் கொழுக்க வைக்கும் அந்தப் பெரிய பட்டியில் பதினாறு அடைப்புகள். அடைப்புக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. எல்லாவற்றையும் கழுவுவது தொட்டிக்காரர் ஒருவர்தான். "தொட்டிக்காரர் கழுவினா முகம் பார்த்துச் சவரம் பண்ணலாம்" என்பார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

கோடை தொடங்கியதும் பரிசோதனைக்கூடத்துப் பெண் வாராவாரம் சாணம் எடுக்க வந்தாள். முதல் வாரம் மூன்றாம் அடைப்பில் இரண்டு மாடுகளின் குடலில் கெட்ட கிருமி இருந்தது. மாட்டுக்கு அதனால் ஒன்றுமில்லை, தின்று அசைபோடும். மனிதன் வயிற்றுக்குள் போனால் ரத்தமாகப் போகும். சின்னக் குழந்தைக்குச் சிறுநீரகமே பழுதாகலாம்.

இதைக் கேட்டதிலிருந்து அவர் வெறி பிடித்த மாதிரி தேய்த்தார். வாரம் ஒருமுறை கழுவியதைத் தினமும் கழுவினார். ஆறாம் வாரம் கிருமி எட்டாம் அடைப்புவரை போய்விட்டது.

"அண்ணே, எப்படி வரிசையா கழுவுவீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ஒண்ணுல ஆரம்பிச்சு பதினாறு வரைக்கும்மா."

"பிரஷ்?"

"இது ஒண்ணுதான்."

அவள் கையிலிருந்த சோதனை முடிவுத் தாளில் மூன்றாம் அடைப்பிலிருந்து எட்டுவரை விரலை ஓட்டிக் காட்டினாள்.

"நானாம்மா கொண்டுபோனேன்?"

"நீங்க மட்டும் இல்லண்ணே. தீவன வண்டிச் சக்கரம், ஈ, பறவைன்னு எவ்வளவோ இருக்கு."

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

அடைப்புக்கு ஒரு பிரஷ் கேட்டார். "மாடெல்லாம் நல்லாத்தானே இருக்கு, இருக்கிறத வெச்சு ஓட்டுப்பா" என்றார் மேற்பார்வையாளர். பழைய சாக்குகளைக் கிழித்து அடைப்புக்கு ஒன்றாகக் கட்டிவைத்துத் தேய்த்தார். அப்படியும் பத்தாம் வாரம் பதினான்கு அடைப்புகளில் கிருமி.

வீட்டில் மூன்று வயது மகள். கையில் தோல் வெடிக்கும்வரை சோப்புப் போட்டும் அவளைத் தொட மனம் வரவில்லை. வாசலிலேயே சாப்பிட்டார்.

"இன்னும் எத்தனை நாளைக்குங்க? பிள்ளை ஏங்கிப் போயிட்டா" என்றாள் மனைவி.

"என் கை சரியில்ல."

குளிர் வந்ததும் கிருமி தானாகவே குறைந்தது. குளிரில் அப்படித்தான், கோடையில் மறுபடி ஏறலாம் என்றாள் பரிசோதனைக்காரி. அன்று மாலை வீடு திரும்பியபோது மகள் ஓடிவந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மனைவி வந்து பிள்ளையைப் பிரித்தெடுக்கும்வரை அப்படியே நின்றார்.